டிசம்பரில் வாவிக்கரை வெறிச்சோடிக் கிடப்பது ஏன்?

கல்முனைக்கு வேலை மாற்றலாகி வந்த நீங்கள், வலசைப் பறவைகள் குளிர்காலத்தில்தான் வரும் என்று படித்துவிட்டு, டிசம்பர் விடுமுறையில் புதிய தொலைநோக்கியுடன் களுவாஞ்சிகுடியிலிருந்து கல்லடி வரை மட்டக்களப்பு வாவிக்கரையிலும் கடற்கரையிலும் அலைந்திருக்கிறீர்கள். சில கொக்குகளையும் நீர்க்காகங்களையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை என்றும், எந்த மாதத்தில் எங்கே போக வேண்டும் என்றும், குமணைப் பூங்காவுக்குப் போவதுதான் ஒரே வழியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மாதத்தையும் இடத்தையும் பற்றியதாக எழுதப்பட்டிருந்தாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று எண்ணுகிறேன்: பறவைகள் நாட்டுக்குள் வந்துவிட்ட பருவத்திலேயே அவை காணாமற்போனது எப்படி? விலங்கியல் படித்தவன் என்ற முறையிலும், மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் நெடுங்காலமாகப் பறவைகளைப் பார்த்துக் குறித்து வருபவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எது உறுதியானது, எது என் கணிப்பு மட்டுமே என்பதை அங்கங்கே சொல்லிச் செல்கிறேன்.

நமது கரையில் மாதத்தைப் பார்க்குமுன் வாவியின் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையைச் சுற்றிய கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. உயர்ந்த மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய அரை மீற்றர்தான். ஐரோப்பியக் கரைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள், வற்றும் நேரம் பார்த்துச் சேற்றுவெளிக்குப் போகச் சொல்கின்றன. அங்கே கடல் பல மீற்றர் இறங்குவதால் அந்த அறிவுரை பொருந்தும். இங்கே அந்த அரை மீற்றரும் ஒடுங்கிய முகத்துவாரத்தின் வழியே உள்ளே வருவதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகையால் சேறு வெளிப்படுவதும் மறைவதும் நாளுக்கு இருமுறை நடப்பதில்லை. பருவத்தோடு பருவமாக நடக்கின்றன. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலோடு அதற்குள்ள வாய்கள் இரண்டே: ஒன்று பாலமீன்மடுவில், மற்றது கல்லாற்றில். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து அவற்றை அடைக்கிறது. மாரியில் முந்தனை ஆற்று வெள்ளமும் உன்னிச்சை போன்ற குளங்களின் வான்கதவுகளால் பாயும் நீரும் சேர்ந்து வாவியை நிரப்புகின்றன. முகத்துவாரம் தானாக உடைந்தாலும் ஆட்கள் வெட்டிவிட்டாலும், சில நாட்களுக்குள் மட்டம் இறங்கத் தொடங்கும். எப்போது வெட்டுவது என்பதில் வயல் மூழ்கும் விவசாயிக்கும் இறாலை நம்பியிருக்கும் மீனவருக்கும் ஒரே கருத்து இருப்பதில்லை. உள்ளானுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாரும் எண்ணுவதில்லை.

உள்ளான், உப்புக்கொத்தி போன்ற சேற்றுப் பறவைகளுக்குக் காலின் உயரமே எல்லை. சிட்டுக்குருவி அளவேயான சிறு உள்ளான் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் நின்று இரை தேட முடியாது. சிவந்த நெடுங்கால்களையுடைய பவளக்காலி ஒரு சாண் ஆழம் வரை நடக்கும். அவற்றின் உணவாகிய புழுக்களும் சிறு நண்டுகளும் நத்தைகளும் வாவியின் அடிச்சேற்றில் எப்போதும் இருந்தாலும், முழங்காலளவு நீர் மேலே நின்றால் அந்தப் பறவைகளுக்கு அவை இல்லாததற்குச் சமம். இந்தப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில்தான் பெய்கிறது. நீங்கள் போன நாட்களில் கரையோரச் சேறு முழுவதும் நீருக்கடியில் கிடந்திருக்கும். பறவைகள் வராமலில்லை; நிற்க இடமில்லாமல் நகர்ந்துவிட்டன.

ஆண்டை ஓகஸ்ட் மாதத்திலிருந்து கணக்கிடுவதே பொருத்தம். அப்போது கச்சான் காற்று வறட்டி எடுத்திருக்கும், வாவியின் மேற்குக் கரையோரம் வெடித்த களிமண்ணாகக் கிடக்கும், குளங்கள் நடுவில் சுருங்கியிருக்கும். யாரும் வலசைப் பறவையை எதிர்பாராத அந்த வெயிலில்தான் முதற் பறவைகள் வந்திறங்குகின்றன. முதலில் வருபவை முதிர்ந்தவை. சைபீரியத் துருவக் கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் அவற்றின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கும். அந்த ஆண்டு பிறந்த இளம்பறவைகள் செப்ரெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பின்னால் வருகின்றன; தாயும் தந்தையும் வழிகாட்டாமல், முன்பின் அறியாத பாதையில் அவை வருகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அவற்றின் முதுகிறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு இருக்கும்; அருகிலிருந்து பார்த்தால் மீன்செதில் அடுக்கியதுபோலத் தெரியும். செப்ரெம்பரில் மண்முனைத்துறைப் பாலத்தை அண்டிய ஓரங்களிலும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வற்றிய உட்கரைகளிலும் இவற்றைப் பொறுமையாகப் பார்க்கலாம். தாத்தாமார் ‘உள்ளான் வந்தால் மழை வரும்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மழைக்கு இரண்டு மாதம் முன்பே அது வந்துவிடுகிறது என்பதே உண்மை.

மழை பிடித்ததும் காட்சி மாறுகிறது. உழுது நீர்கட்டிய பெரும்போக வயல்கள், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை முழுவதும் ஆழமற்ற குளங்களாகின்றன. பொரி உள்ளானும் பச்சைக்கால் உள்ளானும் பொன்னிற உப்புக்கொத்தியும் அந்த வயல்களில் சிதறி நிற்பதை ஒவ்வொரு மாரியிலும் காண்கிறேன். வாவியிலிருந்து வெளியேறிய அதே பறவைகள்தாம் இவை என்பது என் கணிப்பு. கால்வளையமிட்டுத் தொடர்ந்தாலன்றி உறுதியாக நிறுவ முடியாது. சில மேலும் தெற்கே, மழை குறைந்த அம்பாந்தோட்டைப் பக்க உப்பளங்களுக்குப் போவதும் நடக்கக்கூடியதே. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: நெல் ஒரு சாண் வளர்ந்து வயல் பச்சையாக மூடியதும், நவம்பரில் தெரிந்தவை டிசம்பரில் அங்கும் கண்ணுக்குத் தெரியா. டிசம்பரே உங்களுக்கு வாய்த்த விடுமுறை என்றால், உள்ளானை விட்டுவிட்டு வாத்துகளையும் ஆலாக்களையும் தேடுங்கள். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நிறைந்த நீரையே விரும்புகின்றன. மீசை ஆலாக்கள் வயலுக்கு மேலாகக் காற்றை எதிர்த்துத் தாழப் பறந்து, நீரில் மூழ்காமலே அலகால் பூச்சியை அள்ளிச் செல்வதைக் கொட்டும் மழைக்கு நடுவிலும் பார்க்கலாம். டிசம்பரில் முகத்துவாரம் வெட்டப்பட்டதாக மீனவர் யாராவது சொன்னால், இரண்டு மூன்று நாள் விட்டு வாவிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். இறங்கிய நீரின் பின்னால் பறவைகள் உடனே திரும்பிவிடுகின்றன.

பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் கடைசி வரையே என் மதிப்பில் இந்தக் கரையின் மிகச் சிறந்த காலம். மழை ஓய்ந்து, நீர் நாளுக்கு நாள் இறங்கி, ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு கீற்றுச் சேறு வெளிப்படுகிறது. பறவைகள் நீரின் விளிம்போடு கூடவே நகர்கின்றன. அதே சமயம் அறுவடை முடிந்த வயல்களில் வெள்ளைக் கொக்குகளும் நத்தைகுத்தி நாரைகளும் இறங்குகின்றன. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடிய நிலையில் பாருங்கள்: நுனியும் அடியும் பொருந்தியிருக்க, நடுவில் மட்டும் வெளிச்சம் தெரியும் ஓர் இடைவெளி இருக்கும். மார்ச் மாதத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்களுக்கு, அதுவரை காதருகே ஒரு கறையாக மட்டும் இருந்த நிறம் பரவித் தலை முழுவதும் காப்பிக்கொட்டை நிறமாகிறது. கடல் தணிந்து கரைவலை இழுக்கத் தொடங்கும் நாட்களும் அவையே என்பதால், வலையின் மடி கரையை நெருங்கும்போது கடற்காகங்களும் செம்பருந்துகளும் தலைக்கு மேல் வட்டமிடுவதை மிக அருகில் நின்று பார்க்க முடியும். ஏப்ரலில், கீழ்நோக்கி வளைந்த அலகுடைய உள்ளான்கள் மார்பு முதல் வயிறு வரை செங்கல் நிறமாகி, நீண்ட பயணத்துக்கான கொழுப்பேறி உருண்டு திரண்டிருக்கும். மாலையில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிச் சத்தமிட்டபடி வானத்தில் உயர்ந்து போகிற கூட்டங்களில் சில அன்று திரும்பி இறங்குவதில்லை.

பெயர் கண்டறிவதில் தொடக்கத்திலேயே மனந்தளர வேண்டாம். சில பறவைகள் பறக்கும் ஒரு நொடியிலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கும். பவளக்கால் உள்ளான் (பவளக்காலி வேறு) கிளம்பினால் சிறகின் பின்விளிம்பில் பளிச்சென்ற அகன்ற வெள்ளைப்பட்டை. பச்சைக்கால் உள்ளானுக்குச் சிறகில் வெள்ளையில்லை, முதுகில் ஆப்பு வடிவில் நீண்டேறும் வெள்ளை, மூன்று முறை அழுத்திக் கூப்பிடும் குரல். கரையோரக் கல்லில் நின்று வாலை ஓயாமல் ஆட்டுவது சாதாரண உள்ளான். ஆனால் சிறிய மணல் உப்புக்கொத்தியையும் பெரிய மணல் உப்புக்கொத்தியையும், தனியாக, தொலைவில், குளிர்கால இறகில் பிரித்தறிய யாராவது தயங்காமல் முன்வந்தால் அவரது சொல்லை ஐயத்தோடே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் அருகருகே நிற்கும்போது அலகின் நீளமும் காலின் நீளமும் ஒப்பிட உதவும். இல்லாவிட்டால் ‘மணல் உப்புக்கொத்தி’ என்று மட்டும் எழுதிவிடுவது நேர்மையானது. அறிவியலும் இவற்றில் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிலையாக வாழும் ஒரு சிறு உப்புக்கொத்தி, நெடுங்காலம் வேறோர் இனத்தின் கிளையாகக் கருதப்பட்டு வந்து, 2023 இல் தனி இனமாக மீண்டும் ஏற்கப்பட்டு, அனுமனின் பெயரால் அழைக்கப்படுகிறது. பழைய நூலில் இல்லாத பெயரைப் புதிய செயலியில் கண்டால் குழம்ப வேண்டியதில்லை.

மே முதல் ஓகஸ்ட் வரை கரையில் எதுவும் இல்லை என்று பலர் தொலைநோக்கியை உள்ளே வைத்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. முதலாவதாக, வலசை வந்தவற்றுள் ஓராண்டு வயதான சில பறவைகள் வடக்கே திரும்பாமல் இங்கேயே கோடையைக் கழிக்கின்றன. ஜூனில் ஓர் உள்ளானைப் பார்த்தால் உங்கள் கண்ணைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டாவதாக, நமது சொந்தப் பறவைகள் முட்டையிடும் காலம் இது. பவளக்காலியும் ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் சிற்றாலாவும் வெறுந்தரையில் ஒரு சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகின்றன. மணலின் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் கிடக்கும் அந்த முட்டைகளை இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டே காணாமல் விட்டுவிட முடியும். நண்பகலில் அந்த மணலில் வெறுங்காலை வைக்க இயலாது. அந்த வெப்பத்தில் பறவை முட்டைமேல் அமர்வது சூடேற்ற அல்ல, நிழல் தருவதற்கு. பவளக்காலி ஒன்று சிறிது நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, வாவியின் ஓரத்துக்கு நடந்து, வயிற்றிறகுகள் நனையுமாறு நீரில் தாழ்ந்து அமிழ்ந்துவிட்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகள்மேல் அமர்வதைத் தொலைவிலிருந்து பாருங்கள். அந்த ஈரமே முட்டைக்குள் இருக்கும் உயிரைக் காக்கிறது. நீங்கள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து, சிறகு முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்களை வேறு திசைக்கு அழைத்துச் செல்லப் பார்க்கும். அதைக் கண்டவுடன் வந்த அடியைப் பார்த்துப் பின்வாங்குங்கள். படம் எடுக்க ஐந்து நிமிடம் நின்றால், அந்த ஐந்து நிமிடமும் முட்டை வெயிலில் வேகிறது. காகமும் உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கரைநெடுகிலும் சவுக்கு நடப்பட்டது. நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட அந்த வேலையில், திறந்த மணலையே நம்பியிருக்கும் இந்தப் பறவைகளுக்கான இடம் சுருங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். மரத்திலிருந்து காகம் நோட்டமிடும் கரையில் உப்புக்கொத்தி முட்டையிட விரும்புவதில்லை.

குமணையைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஒரே வழியல்ல. ஆனால் அதற்கு ஈடான இடம் நம் இரு மாவட்டங்களிலும் இல்லை. யால கிழக்கு என்ற பெயரோடு இருந்து, போரினால் 1985 முதல் 2003 வரை மூடப்பட்டு, 2006 இல் குமணை என்று பெயர் மாறி, 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் சிறப்பு வலசைப் பறவைகளில் இல்லை. ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரப்பில் கண்டல் மரங்கள் சூழக் கிடக்கும் ‘குமணை வில்’ என்ற ஆழமற்ற நீர்நிலையில், மே முதல் ஜூலை வரை சங்குவளை நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கொக்குகள், நீர்க்காகங்கள் எல்லாம் சேர்ந்து கூடு கட்டுகின்றன. மழையில்லாத காலத்தில் ஏன் குஞ்சு பொரிக்க வேண்டும் என்று தோன்றலாம். சுற்றியுள்ள குளங்களும் மடுக்களும் வற்றுகையில் மீன் எஞ்சிய நீரில் அடர்ந்து சேர்கிறது. அலகைப் பாதி திறந்தபடி நீரில் துழாவி, பட்டதைக் கவ்வும் சங்குவளை நாரைக்கு அதைவிடச் சாதகமான காலம் இல்லை. உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதை திறக்கும் நாட்கள் இந்தப் பருவத்தோடு ஒன்றி வருவதால், பாதயாத்திரை போகும் நம்மவர்கள் பலர் வில்லின் இரைச்சலைக் கேட்டபடியே நடந்து கடந்திருக்கிறார்கள். இலங்கையில் மிக அரிதாகிவிட்ட கருங்கழுத்து நாரை தென்படும் ஒருசில இடங்களில் குமணையும் ஒன்று. ஆனால் அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஒவ்வோர் ஆண்டும் கூடுகள் ஒரே அளவில் அமைவதில்லை. வில்லில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். போகுமுன் பாணமையில் விசாரித்துக்கொள்வது நல்லது. பொத்துவிலிலிருந்து பாணமைக்குப் போகும் வழியிலேயே களப்பும் வயலும் மாறிமாறி வருவதால், அந்தப் பாதையை அவசரமாகக் கடக்க வேண்டாம். யானை நடமாடும் இடம் என்பதால் மாலையில் மோட்டார் சைக்கிளில் தங்கிவிடவும் வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் பாதிப் பறவைகளை இதனாலேயே இழக்கிறார்கள். காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே வாவியைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், காலின் நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கரிய நிழலுருவே. அப்போது பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குப் போய்விட வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு தரையின் மேல் கானல் எழுந்து, எவ்வளவு நல்ல தொலைநோக்கியானாலும் உருவம் நெளியத் தொடங்கும், விடியலையே பயன்படுத்துங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண இருகண் தொலைநோக்கி போதும். முதலைகள் உள்ள வாவி இது. பறவையை நெருங்குவதற்காக நீரில் இறங்குவதோ, ஓரத்துப் புல்லுக்குள் படுத்திருப்பதோ கூடாது. மாரியில், நீரைக் கடக்கும் தாழ்ந்த சாலைகளாகிய தாம்போதிகளின் மேல் வெள்ளம் பாயும்போது அவற்றைக் கடக்கவும் முயல வேண்டாம்.

நீங்கள் குறிப்பேடு வைத்திருப்பதாக எழுதியிருந்தது மகிழ்ச்சி. அதில் நாள், நேரம், இடம், பறவை ஆகியவற்றோடு இன்னொரு பத்தியும் சேருங்கள்: நீர் எதுவரை நின்றது, முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா. இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. பறவைகள் வலசை முடித்து நிலைகொண்டிருக்கும் மாதம் என்பதால் ஆசியா முழுவதற்கும் அது சரியான தேர்வு. ஆனால் கிழக்கு இலங்கையில் வாவிகள் நிரம்பி நிற்கும் மாதமும் அதுவே. ஒரு ஜனவரியில் மிகக் குறைவாகவும் அடுத்த ஜனவரியில் மிக அதிகமாகவும் எண்ணிக்கை வந்தால், பறவைகள் அழிந்தன, பெருகின என்று முடிவுகட்டுமுன், இரண்டு ஜனவரிகளிலும் நீர் எவ்வளவு இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இது என் கருத்து. ஆனால் நீர்மட்டத்தையும் சேர்த்துக் குறிக்கும் பதிவுகள் பலரிடமிருந்து, பல ஆண்டுகளுக்குச் சேர்ந்தால் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். உங்கள் ஊரிலிருந்து அந்தப் பதிவைத் தொடங்க ஏற்ற இடம் கிட்டங்கித் தாம்போதி. பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு விடியலில் அங்கே போங்கள். வாவியோரம் நீர் இன்னும் முழங்காலுக்கு மேல் நின்றால், இரண்டு வாரம் பொறுத்து மறுபடி போங்கள்.